மெல்லிசு, நடுத்தரம், கட்டி

கட்டிப் பிக் கேட்கிறவர்கள் இடது பக்கம், மெல்லிசுப் பிக் கேட்கிறவர்கள் வலது பக்கம், நடுத்தரக்காரர்கள் நடுவில், எது கேட்டாலும் கேட்காவிட்டாலும் சாப்பாட்டுக்காக மட்டும் வந்தவர்கள் கடைசி வரிசையில் உட்காரும்படி அன்போடு கேட்டுக்கொள்கிறோம் என்று மைக்கில் சொல்லாமல் எங்கள் செந்தேரியில் எந்தக் கல்யாணக் கச்சேரியும் தொடங்குவதில்லை. சொல்கிறவள் நான்தான். வெளியூரிலிருந்து வந்த மாப்பிள்ளை வீட்டார் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். சிரிக்கட்டும். முதல் பாட்டு முடிவதற்குள் அவர்களும் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு இடம் மாறத்தான் போகிறார்கள்.

என் பெயர் வடிவு. சங்கரலிங்கம் அண்ணாச்சியின் மெல்லிசைக் குழுவில் பெண் குரல் என்று எது வந்தாலும், குழந்தைக் குரல், குயில் கூவுவது, கூட்டமாக நாலு தோழிகள் பாடுவது உட்பட, எல்லாம் என் ஒரு தொண்டைதான். அண்ணாச்சி கீபோர்டு. டைட்டஸ் கிட்டார். இந்தக் கதை டைட்டஸுடையது, அவன் மனைவி பியூலாவுடையது. நான் பக்கத்தில் நின்று பார்த்தவள், அவ்வளவுதான். ஆனால் பக்கத்தில் நிற்கிறவளுக்குத்தான் எல்லாம் தெரியும். மேடையிலும் அப்படித்தான், வீட்டிலும் அப்படித்தான்.

பிக் என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். கிட்டார்க்காரன் இரண்டு விரலுக்கு நடுவில் ஒரு சின்னப் பிளாஸ்டிக் துண்டைப் பிடித்திருப்பான், மூன்று மூலையும் மழுங்கின துண்டு, கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிசு; அதால்தான் கம்பியைத் தட்டுவான். பார்க்க ஒன்றுமில்லாத சாமான். ஆனால் டைட்டஸிடம் வாய் கொடுத்தால் பேசிக்கொண்டே இருப்பான். மெல்லிசானது வளையும், வளைகிறதால் ஆறு கம்பியையும் சேர்த்து உரசும்போது புதுப்புடவை சரசரக்கிற மாதிரி இருக்கும். கட்டியானது வளையாது, ஒரு கம்பியைத் தொட்டால் அந்த ஒரு கம்பிதான், சுரம் ஒவ்வொன்றும் உருண்டையாக வந்து விழும். நுனி கூராக இருந்தால் சத்தமும் கூர், சிமெண்டுத் தரையில் தேய்த்து நுனியை மழுக்கினால் சத்தமும் மழுங்கி இதமாகிவிடும். "கிட்டாரு எல்லார்ட்டயும் ஒண்ணுதாங்க்கா. ஒன் சத்தம் என்னன்னு முடிவு பண்ணுதது இந்தத் துண்டுதான்" என்பான்.

அவன் பிக்கைத் தேர்ந்தெடுக்கிற விதம் ஒன்று உண்டு. கடையில் வாங்கினதோ, தானே எதையாவது வெட்டிச் செய்ததோ, தலையைச் சாய்த்து, காதைக் கிட்டாரின் தோளில் அழுத்தி, ரெண்டு தட்டு, மூணு தட்டு தட்டுவான். பிடித்தால் சட்டைப் பைக்குப் போகும், பிடிக்காவிட்டால் பழைய பிஸ்கட் டப்பாவுக்குப் போகும். யாரையும் அபிப்பிராயம் கேட்கமாட்டான். எந்தக் கிட்டார்க்காரனும் கேட்கமாட்டான், அவன் காது சொன்னதுதான் தீர்ப்பு.

சரி, நடந்ததைச் சொல்கிறேன். வாழைக்காய் மண்டி செல்லையாவின் மகள் கல்யாண வரவேற்பு. சாயந்திரம், மண்டபம் நிறையக் கூட்டம், பெண்ணும் மாப்பிள்ளையும் பூமாலைக்குள் வேர்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். நான் முதல் பாட்டை எடுத்தேன், டைட்டஸ் மெல்லிசுப் பிக்கால் தாளம் கொடுக்கிறான், அவன் கை மேலும் கீழும் போகிறது, ஆனால் எனக்குக் கிட்டாரே கேட்கவில்லை. ஒயர் பிடுங்கிக்கொண்டதா என்று கண்ணால் கேட்டேன், அவன் நல்லாத்தான் இருக்கு என்று தலையாட்டினான். அதற்குள் வலது பக்கத்திலிருந்து "கிட்டாரைக் கொறைங்கலே, காது கிழியுது" என்று ஒரு கூட்டமும், இடது பக்கத்திலிருந்து "கிட்டாரைக் கூட்டுங்கலே, ஒண்ணும் கேக்கல" என்று இன்னொரு கூட்டமும் கத்த, மைக் செட்டுக்காரர் எதைத் திருகுவது என்று தெரியாமல் எல்லாவற்றையும் திருகினார். இரண்டாவது பாட்டுக்கு டைட்டஸ் கட்டிப் பிக்கை எடுத்தான். கூட்டு என்றவர்கள் குறை என்றார்கள், குறை என்றவர்கள் கூட்டு என்றார்கள். மூன்றாவது பாட்டுக்கு நடுத்தரம் வந்தபோதுதான் எனக்குக் கேட்டது, எனக்குப் பின்னால் ஒருவன் அந்நேரம்தான் வந்து வாசிக்க ஆரம்பித்த மாதிரி.

கைகலப்பாகிவிடும் என்று நான் பயந்தேன். ஆனால் தாம்பூலப் பையோடு வாசலில் நின்ற பெண்ணின் தாய்மாமா வெற்றிலையை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு ஒதுக்கிக்கொண்டு, "இதுல என்னய்யா இருக்கு, ஒருத்தருக்குப் பாவக்கா பிடிக்கும், ஒருத்தருக்குப் பிடிக்காது, அது மாதிரி ஒவ்வொருத்தருக்கு ஒவ்வொரு பிக்கு கேக்கு, போய்ச் சாப்பிடுங்க, பாயசம் ஆறுது" என்றார். எல்லாரும் போய்ச் சாப்பிட்டார்கள்.

ஏன் அப்படி ஆயிற்று என்று என்னைக் கேட்காதீர்கள். மற்ற கிட்டாருக்கெல்லாம் அந்தக் கோளாறு கிடையாது, டைட்டஸ் எந்தக் கிட்டாரைக் கையில் எடுத்தாலும் அதற்கு மட்டும்தான். தேரிக்காட்டுச் செம்மண் காற்று கிட்டாருக்குள் போய்விட்டது என்றார்கள், கண்ணேறு என்றார்கள், செல்லையா வீட்டுப் பாயசம் என்றுகூடச் சொன்னார்கள். திருநெல்வேலிக்குப் போய்க் காது டாக்டரைப் பார்த்தவர்களுக்கு அவர் அழுக்கு எடுத்து அனுப்பினார். நிறைய வந்ததாம், அது ஒரு லாபம்.

ஓர் ஊர் எதற்கும் பழகிவிடும். முதலில் எல்லாருக்கும் தான் என்ன பிக் என்று தெரிந்துகொள்கிற அவசரம். விடிந்ததும் டைட்டஸ் வீட்டு வாசலில் கூட்டம் நிற்கும், அவன் பல்கூட விளக்காமல் கிட்டாரை மடியில் வைத்துக்கொண்டு, கண் டாக்டர் எழுத்துக் காட்டுகிற மாதிரி, "இது கேக்கா? இது? இது?" என்று தட்டிக் காட்டுவான். ஒன்று மட்டும் கேட்டவர்கள் உண்டு, இரண்டு கேட்டவர்கள் உண்டு, மூன்றும் கேட்டவர்கள் வெகு சிலர், அவர்களுக்கு நடையிலேயே ஒரு மிதப்பு வந்துவிட்டது. என் வீட்டுக்காரருக்கு மூன்றும் கேட்கும், நான் சொல்வது மட்டும்தான் கேட்காது. டைட்டஸுக்கும் மூன்றும் கேட்டது, அது போக அவன் வெட்டித் தேய்த்த தேங்காய்ச் சிரட்டைப் பிக், மாட்டுக்கொம்புப் பிக், வளையல் துண்டு, சோப்பு டப்பா எல்லாம் கேட்டது. "எனக்குக் கேக்காத சத்தம் எங்கிட்டாருல இல்லக்கா" என்று அவன் சொன்னபோது நாங்களும் தலையாட்டினோம், கிட்டார்க்காரன் அல்லவா.

அப்புறம் முறை, வழக்கம் எல்லாம் வந்தது. சர்ச்சில் போதகர் முதல் சரணத்துக்கு மெல்லிசு, அடுத்ததுக்கு நடுத்தரம், கடைசிச் சரணத்துக்குக் கட்டி என்று ஏற்பாடு செய்தார், ஆண்டவர் சந்நிதியில் பாரபட்சம் கூடாதே. அம்மன் கோயில் கொடைவிழாவில் அந்தச் சங்கடம் இல்லை, அங்கே மேளச் சத்தத்தில் எப்படியும் கிட்டார் யாருக்கும் கேட்காது. பிள்ளை பிறந்தால் பேர் வைப்பதற்கு முன்னால் தூக்கிக்கொண்டு வந்தார்கள், எந்தப் பிக்குக்கு முகத்தைத் திருப்புகிறது என்று பார்க்க. பள்ளிக்கூடத்தில் "ஏல, மெல்லிசு" என்று ஒரு வசவு புதிதாக முளைத்தது. கட்டி கேட்கிறவர்களுக்குத் தலைக்கனம் என்றும், மெல்லிசு கேட்கிறவர்கள் சொன்ன சொல்லில் நிற்கமாட்டார்கள் என்றும், எங்களைப்போல் நடுத்தரக்காரர்கள் எந்தப் பக்கம் இலை போட்டாலும் உட்கார்ந்துவிடுவோம் என்றும் ஊரெல்லாம் பேச்சு. தரகர் சுடலைமுத்து ஜாதகத்தைக் கையில் வாங்குவதற்கு முன்னால் அதைத்தான் கேட்டார். "பிள்ளைக்கு என்ன கேக்கு, கட்டியா? அப்ப மேலத்தெரு எடம் வேண்டாம், அந்தப் பையனுக்கு மெல்லிசு. நாளைக்கு ஒரு கச்சேரின்னா ஆளுக்கொரு பக்கம் ஒக்காந்திருப்பாவ, பாக்க நல்லாவா இருக்கும்?"

ஏற்கெனவே கல்யாணம் ஆனவர்கள் என்ன செய்வார்கள்? டைட்டஸிடம் வந்தார்கள். தையல் கடைப் பரமசிவத்துக்குக் கட்டி, அவர் மனைவிக்கு மெல்லிசு, இரண்டு பேரும் முகம் பார்த்துப் பேசி நாளாயிற்று. அவர்கள் வீட்டு உடைந்த வாளியின் விளிம்பைக் கொண்டு வந்து கொடுத்தார்கள். டைட்டஸ் அதைக் கத்தரியால் வெட்டி, தரையில் தேய்த்து, வழக்கம்போலத் தன் காதில் பார்த்து, அப்புறம் அவர்களுக்குத் தட்டினான். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் நிமிர்ந்தார்கள். அந்த அம்மாள் சிரித்த சிரிப்பை நான் பார்த்தேன், புருஷன் தோளைப் பிடித்துக் குலுக்கிக் குலுக்கிச் சிரித்தாள். அதற்குப் பிறகு எத்தனை பேர்! பென்சில் டப்பா, மருந்து பாட்டில், குடைக் கைப்பிடி என்று வீட்டுக்கு வீடு எதையாவது தூக்கிக்கொண்டு ஜோடி ஜோடியாக வந்தார்கள், டைட்டஸ் வெட்டி வெட்டிக் கொடுத்து, பிரிந்து உட்கார்ந்தவர்களை எல்லாம் சேர்த்து உட்கார வைத்தான். ஊருக்கே அவன் பிள்ளை மாதிரி ஆனான்.

அவன் வீட்டில் என்ன நடந்தது என்று கேளுங்கள்.

பியூலா எங்கள் ஊர் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிறாள். செந்தேரியில் அவள் ஊசி குத்தாத விரல் கிடையாது, குத்தினது தெரியாது, அவ்வளவு பூங்கை. அவள் டைட்டஸைக் கட்டிக்கொண்டது முகத்துக்காக இல்லை, முகத்தைப் பார்த்தால் யாரும் அப்படிச் சொல்லவும் மாட்டார்கள். சிநேகிதி ஒருத்தியின் கல்யாண வரவேற்பில் பந்திக்குப் போகிற வழியில் அவன் வாசிக்கிறதைக் கேட்டவள், பந்தி முடிகிற வரைக்கும் அப்படியே தூணோடு நின்றுவிட்டு, பசியோடு வீட்டுக்குப் போய் அண்ணன் சாலமோனிடம், கட்டினால் அந்தக் கிட்டார்க்காரரைத்தான் என்று சொல்லிவிட்டாள். கச்சேரிக்காரனுக்கா என்று அவர் எவ்வளவோ குதித்தார். அவள் அசையவில்லை.

அந்தப் பியூலாவுக்கு, செல்லையா வீட்டு வரவேற்பில் மெல்லிசும் கேட்கவில்லை, நடுத்தரமும் கேட்கவில்லை, கட்டியும் கேட்கவில்லை. வெறும் விரலால் தட்டிப் பார்த்தானா என்று கேட்பீர்கள், எல்லாருக்கும் முதலில் அதுதான் தோன்றும். தட்டினான், விரல் நுனி கன்றிப்போகத் தட்டினான். எனக்குக் கேட்டது, தெருவில் சைக்கிளில் போன பால்காரருக்குக் கேட்டது, எதிரே முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த அவளுக்குக் கேட்கவில்லை.

அதற்கப்புறம் தினமும் அவள் வேலையிலிருந்து வந்து அடுப்படியில் நிற்கிற நேரத்தில் அவன் பின்னறையில் வெட்டிக்கொண்டிருப்பான். அவளுடைய பழைய வளையல், டிபன் பாக்ஸ் மூடி, பிளாஸ்டிக் போட்ட கல்யாணப் பத்திரிகை, அவள் வேலைக்குப் போகும்போது கழுத்தில் மாட்டுகிற பழைய அட்டை, ஒன்றையும் விடவில்லை. வெட்டி, தேய்த்து, காதை அழுத்தி, ரெண்டு தட்டு, மூணு தட்டு. தனக்குக் கேட்டால் அவளைக் கூப்பிட்டு வாசிப்பான், அவள் உதட்டைப் பிதுக்குவாள். தனக்கே கேட்கவில்லை என்றால் செத்த பிக் என்று டப்பாவில் எறிந்துவிடுவான். அவன் நியாயம் அவனுக்கு. வெந்ததா என்று பார்க்காமல் யாராவது சோற்றைப் பரிமாறுவார்களா?

ஒருநாள், பாவம், அவள் பொய் சொன்னாள். புதுசாக ஒன்றைத் தட்டி "இது?" என்றான். "கேக்கு அத்தான்" என்றாள். அவனுக்குத் தலைகால் புரியவில்லை, அவளுக்குப் பிடித்த பாட்டை வாசிக்க ஆரம்பித்தான், அவள் கண்ணை மூடித் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தாள். அவன் பாதியில் கையை எடுத்துவிட்டான். அவள் தலை ஆடிக்கொண்டே இருந்தது. அவன் கிட்டாரைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தபோதுதான் கண்ணைத் திறந்தாள். இதை டைட்டஸே என்னிடம் சொன்னான், சொல்லும்போது அழுதான், நானும் அழுதேன்.

ஊர் சும்மா இருக்குமா? பொருத்தம் பார்க்காமல் பண்ணின கல்யாணம் என்றார் சுடலைமுத்து. அவள் மனசில் அவன் இல்லை என்றார்கள், அதுதான் கேட்கவில்லையாம். விரலைக் குத்திக்கொள்ள வந்தவர்கள் ரத்தம் வருவதற்குள் புத்தி சொன்னார்கள். சாலமோன் கோயம்புத்தூரிலிருந்து போன் பண்ணி, இங்கே பெரிய பரிசோதனை நிலையத்தில் வேலை இருக்கிறது, கொஞ்ச நாள் வந்து இரு என்றார். கொஞ்ச நாள் என்று அண்ணன்மார் சொன்னால் அது எவ்வளவு நாள் என்று எங்களுக்குத் தெரியாதா? அவள் சரி என்றுவிட்டாள். சர்ச்சில் ஊருக்கே சோறு போடுகிற அசனம் முடிந்த அன்று சாயந்திரம் பஸ்.

அந்தச் சமயத்தில்தான் சர்க்கரை பார்க்க நான் அவளிடம் போனேன். பஞ்சை என் விரலில் அழுத்திக்கொண்டு, யாரும் பக்கத்தில் இல்லையே என்று பார்த்துவிட்டுச் சொன்னாள்.

"யக்கா, எங்க தெருவுல இன்னொருத்தரு கிட்டாரு வாசிக்காரு. அது எனக்குக் கேக்கு."

"யாருட்டி அது?"

"தெரியலக்கா. நான் சமையல்ல நிக்கும்போது கேக்கும். ரெண்டு தட்டு, மூணு தட்டு, ஒடனே நிப்பாட்டிருவாரு. முழுசா ஒரு பாட்டு வாசிக்க மாட்டேங்காரு. ஆனா அந்த மூணு தட்டு இருக்கே..." அவள் பஞ்சை இன்னும் அழுத்தினாள், வலித்தது, நான் சொல்லவில்லை. "ஊரே ஒரு வீட்டுக்குள்ள ஒக்காந்து சிரிச்சுப் பேசிட்டு இருக்கு, நான் மட்டும் வெளிய நிக்கேன். அந்த ஆளு தட்டும்போது மட்டும் யாரோ கதவத் தெறக்க மாதிரி இருக்கு. அதுக்குள்ள சாத்திருதாரு."

எனக்கு வாய் நிற்காது. நல்லது என்று நினைத்து டைட்டஸிடம் சொல்லிவிட்டேன், உங்கள் தெருவில் ஒரு ஆள் வாசிப்பது அவளுக்குக் கேட்கிறதாம், அந்த ஆளிடம் என்ன பிக் என்று கேள் என்றேன். அவன் அதைக் கேட்ட மாதிரியா தெரிந்தது? முகம் கருத்துவிட்டது. எவன் அவன் என்றான். தெருவில் ஒரு வீடு விடாமல் ஏறி இறங்கினான். ஓய்வுபெற்ற தபால்காரர் வீட்டில் ஒரு ஆர்மோனியம் இருந்தது, அதுவும் எலி கடித்தது. கடைசி வீட்டுப் பையனிடம் கிட்டார் படம் போட்ட பனியன்தான் இருந்தது. டைட்டஸ் விடவில்லை. அவள் அடுப்படிக்குப் போனதும் தன் கிட்டாரை மூலையில் வைத்துவிட்டு, பிக்கையும் தொடாமல், வெட்டாமல், சன்னலோரம் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தான், அந்த ஆள் தட்டினால் ஓடிப்போய்ப் பிடிக்க வேண்டும் என்று. அந்த ஆள் தட்டவே இல்லை.

"அவரும் போயிட்டாருக்கா" என்றாள் பியூலா என்னிடம். துணிகளைப் பெட்டியில் மடித்து வைத்துக்கொண்டிருந்தாள்.

அசனத்துக்கு இரண்டு நாள் முந்தி, காலையில், பாட்டு ஒத்திகைக்கு நான் அவர்கள் வீட்டுக்குப் போனேன். டைட்டஸ் ராத்தூக்கம் இல்லாத முகத்தோடு, இனி அந்த ஆள் வரப்போவதில்லை என்று வெறுத்துப்போய், பழைய பழக்கத்தில் ஒரு தயிர் டப்பா மூடியை வெட்டிக்கொண்டிருந்தான். தேய்த்தான். காதை அழுத்தினான். தட்டினான். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. அவனுக்கும் கேட்கவில்லை, சீ என்று டப்பாவில் எறிந்தான்.

பியூலா தோசைக் கரண்டியோடு அடுப்படியிலிருந்து ஓடிவந்தாள். "அத்தான், வந்துட்டாரு! கேட்டீங்களா? இப்பத்தான், பக்கத்துல! ஐயோ, நிப்பாட்டிட்டாரு."

டைட்டஸ் துள்ளி எழுந்து வாசலுக்கு ஓடினான். தெருவில் ஒரு கோழிதான் நின்றது.

எனக்கு மண்டையில் ஏதோ இடித்தது. "ஏல, இங்க வா. ஒக்காரு. இப்ப டப்பாவுல எறிஞ்சியே, அத எடு. தட்டு."

"அது செத்த பிக்குக்கா, எனக்கே கேக்கல."

"தட்டுலே, சவத்த!"

தட்டினான். எனக்கு ஒன்றுமில்லை, அவனுக்கு ஒன்றுமில்லை. பியூலாவின் கையிலிருந்து கரண்டி விழுந்தது, அது எங்கள் எல்லாருக்கும் கேட்டது.

"அந்த ஆளு நீங்களா?" என்றாள். "இத்தன நாளும் மூணு தட்டோட நிப்பாட்டின ஆளு நீங்களா அத்தான்?" அழுதாள், சிரித்தாள், பிறகு கோபம் வந்து கீழே கிடந்த கரண்டியை எடுத்து அவன் தோளில் ஒன்று வைத்தாள். அடுப்பில் தோசை கருகியது, ஒருத்தரும் எழுந்து போகவில்லை.

பிஸ்கட் டப்பாவைத் தரையில் கவிழ்த்தோம். அவனுக்குக் கேட்கவில்லை என்று எறிந்தது அத்தனையும் அவளுடையது. ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தாள், அவன் தட்டினான், அவள் சொன்னாள். "இது மூக்கடைச்ச மாதிரி இருக்கு. இது வேண்டாம், பல்லு கூசுது. இது நல்லாருக்கு, ஆனா நுனிய இன்னும் கொஞ்சம் தேய்க்கணும். இது மழ பெஞ்சு விட்ட மாதிரி இருக்கு அத்தான், இத வைங்க, இதத் தனியா வைங்க." தயிர் டப்பா மூடிதான் அது. எனக்கு ஒன்றும் கேட்காமலேயே உடம்பு சிலிர்த்துவிட்டது. ஒரு கிட்டார்க்காரனின் சத்தம் எது என்று இன்னொரு ஆள் உட்கார்ந்து தேர்ந்தெடுப்பதை நான் அதுவரை பார்த்ததில்லை.

"முழுசா ஒரு பாட்டு வாசிங்க" என்றாள்.

ஆரம்பித்தான். கொஞ்ச தூரம் போனதும் கை தயங்கியது, தடுமாறியது, நின்றது.

"எனக்குக் கேக்கலயே பியூலா."

"எனக்குக் கேக்குல்லா."

"கண்ண மூடிட்டு சைக்கிள் ஓட்டுத மாதிரி இருக்கு. சரியா வாசிக்கேனா தப்பா வாசிக்கேனான்னு எனக்கே தெரியல. எனக்கே கேக்காம நான் எதுக்கு வாசிக்க?"

அவள் கவிழ்ந்த டப்பாவை நிமிர்த்தி வைத்தாள். "ஒண்ணும் கேக்காம இத்தன நாளும் ஒங்க முன்னால ஒக்காந்திருந்தேனே, நான் எதுக்கு ஒக்காந்திருந்தேன்?"

அவன் கிட்டாரைப் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்துவிட்டு வெளியே போய்விட்டான். எனக்கு வந்த கோபத்துக்கு அந்தக் கரண்டியை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போயிருப்பேன். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், அவன் பயத்தை நான் அறிவேன். மேடையில் மானிட்டர் ஸ்பீக்கர் நின்றுபோய் என் குரல் எனக்கே கேட்காமல் பாடின அனுபவம் எனக்கு உண்டு, காலுக்குக் கீழே பலகை இல்லாத மாதிரி இருக்கும். அவன் பிழைப்பே காது. அந்தக் காதை வேறொருத்தி கையில் கொடுத்துவிட்டு வாசி என்றால் எவனுக்கும் நடுங்கத்தான் செய்யும். பியூலா அதற்கெல்லாம் நிற்கவில்லை. மிச்சத் துணியை மடித்தாள்.

அசனம் அன்று சர்ச் மைதானத்தில் பந்தல், பெரிய பெரிய அண்டாக்களில் சோறும் குழம்பும் கொதிக்க, சாதி மதம் பார்க்காமல் ஊரே வந்து உட்கார்ந்திருந்தது. சாலமோன் வந்திருந்தார், பெட்டியைப் பந்தல் கால் ஓரம் வைத்துக் காவல் காத்துக்கொண்டிருந்தார். பியூலா பெண்களோடு சோறு பரிமாறிக்கொண்டிருந்தாள், மேடைப் பக்கம் திரும்பவே இல்லை. நான் வழக்கம்போல மைக்கில் இடம் பிரித்து உட்காரச் சொன்னேன். மெல்லிசுக்கு ஒரு பாட்டு, நடுத்தரத்துக்கு ஒன்று, கட்டிக்கு ஒன்று முடிந்தது. அடுத்த பாட்டை எடுக்க வாயைத் திறந்தேன், டைட்டஸ் கையைக் காட்டி நிறுத்தினான். சட்டைப் பைக்குள் விரலை விட்டான். வெளியே வந்தது தயிர் டப்பா மூடி.

வாசித்தான். அண்ணாச்சி புரிந்துகொண்டு கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டார். பந்தல் அமைதியாயிற்று. வேடிக்கை என்னவென்றால், இடது பக்கத்தார் இது வலது பக்கத்துக்கான பாட்டு என்று நினைத்தார்கள், வலது பக்கத்தார் இது நடுவில் இருக்கிறவர்களுக்கு என்று நினைத்தார்கள், நடுத்தரக்காரர்கள் இது இடது பக்கத்துக்கு என்று நினைத்தார்கள். அடுத்தவர் கேட்டுக்கொண்டிருக்கும்போது பேசக்கூடாது என்று ஊர் பழகியிருந்ததால், சோற்றைப் பிசைகிற சத்தம்கூட இல்லாமல் அத்தனை பேரும் மரியாதையாக உட்கார்ந்திருந்தார்கள். டைட்டஸின் நெற்றியிலிருந்து வேர்வை கிட்டார்மேல் சொட்டியது. அவன் நிறுத்தவில்லை.

பியூலா சோற்றுத் தட்டோடு நின்றிருந்தாள். அவளுக்கு முன்னால் இலையில் கையை வைத்துக்கொண்டு காத்திருந்த சுடலைமுத்து, "சோறு போடும்மா" என்றார். அவளுக்கு அது காதில் விழவில்லை.

"அத்தான்!" என்றாள், பந்தலே திரும்பிப் பார்க்க. "ரெண்டாவது கம்பி சுருதி எறங்கிருக்கு!"

அவன் வாசிப்பைத் திருத்த அதுவரை ஒருத்தர் பிறந்ததில்லை. அவன் இடது கையை மேலே கொண்டுபோய், தனக்குக் கேட்காத கம்பியை, அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே திருகினான்.

"இன்னும்" என்றாள். "இன்னும் கொஞ்சம். ஐயோ, கூடிப்போச்சு, கொறைங்க. ம். போதும்."

முதலிலிருந்து ஆரம்பித்தான். அந்தப் பாட்டு முடிகிற வரைக்கும் ஊர் முழுக்க அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது, சோறு ஆறிப்போயிற்று, யாரும் குறை சொல்லவில்லை. அன்று சாயந்திரம் கோயம்புத்தூர் பஸ்ஸில் சாலமோன் பக்கத்து இருக்கையில் தன் பையை வைத்துக்கொண்டு போனார்.

இப்போதெல்லாம் எந்தக் கச்சேரியிலும் கடைசியில் நான் மைக்கில் ஒன்று சொல்வேன்: அடுத்த பாட்டு உங்கள் யாருக்கும் இல்லை, தயவுசெய்து பேசாமல் இருங்கள். வெளியூர்க்காரர்கள் அதற்கும் சிரிப்பார்கள். எங்கள் ஊர்க்காரர்கள் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு பியூலாவைப் பார்க்க உட்கார்ந்துவிடுவார்கள். எனக்குப் பொறாமையாகத்தான் இருக்கும், மறைப்பானேன், என் வீட்டுக்காரர் அந்நேரம் செல்போனைப் பார்த்துக்கொண்டிருப்பார். போன முகூர்த்தத்தில் டைட்டஸ் வாசித்துக்கொண்டிருக்கும்போது பாதியில் பெண்கள் வரிசையிலிருந்து அவள் குரல் வந்தது.

"அத்தான், இந்தப் பிக்கு இன்னைக்கு நல்லால்ல. வேற எடுங்க."

ஏன் என்று அவன் கேட்கவில்லை. சட்டைப் பையிலிருந்து வேறொன்றை எடுத்தான்.